செயலாளரின் ஆண்டறிக்கை: லேசர் கட்டிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மன்றத்தின் வழக்கமான வேலைகள் இந்த ஆண்டும் குறைவில்லாமல் நடந்தன. மாதக் கூட்டங்கள் ஒழுங்காகக் கூடின. பள்ளிப் பிள்ளைகளை நம் உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு அழைத்துப் போனோம். 530 மீட்டர் நீளமுள்ள அந்தத் தொலைநோக்கியை ஏன் அந்தச் சரிவில் வைத்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. சரிவின் சாய்வும் நம் ஊரின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்று, 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. மற்றதையெல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளலாம். நேரே லேசருக்கு வருகிறேன்.

குறைந்த செலவில் ஒரு திடநிலை லேசரை, அதாவது படிகம் போன்ற திடப்பொருளில் ஒளியை உண்டாக்கும் லேசரை, நாமே கட்டுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். எந்த வகை என்பதில்தான் இழுபறி. 1960 மே 16 அன்று அமெரிக்க இயற்பியலாளர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கிக் காட்டியதைப் போல, ரூபி என்ற மாணிக்கக் கம்பியும் ஃபிளாஷ் விளக்குமாகச் செய்யவேண்டும் என்றார்கள் இளைஞர்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் சாதாரண கேமரா ஃபிளாஷில் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரிலேயே 300 வோல்ட் அளவுக்கு நிற்கும். ரூபிக்கு வேண்டியது அதைவிடப் பல மடங்கு. சுவிட்சை அணைத்த பிறகும் ஆளை அடித்துப்போடும் சாமானை, பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் வைக்க செயற்குழு ஒப்பவில்லை. எனவே மின்சாரத்தை ஒளியாக்கும் சின்னத் துண்டான லேசர் டையோடால் இயங்கும் பச்சை லேசர் என்று முடிவானது.

அதன் சங்கதி இதுதான். டையோடு 808 நானோமீட்டர் அகச்சிவப்பை உமிழ்கிறது. நியோடிமியம் என்ற உலோகம் கலந்த வனடேட் படிகம் அதை வாங்கிக்கொண்டு 1064 நானோமீட்டரில், அதுவும் அகச்சிவப்பாகவே, வெளிவிடுகிறது. அதனோடு ஒட்டிய கேடிபி (பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட்) படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்குகிறது. 532 நானோமீட்டர், பச்சை. இரண்டு படிகங்களையும் ஒன்றாக ஒட்டி, இரு முனைகளிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிப் பூச்சோடு விற்கிறார்கள். கண்ணாடிகளைத் தனியாக வாங்கி நேர்ப்படுத்தும் தலைவலி இல்லை. செலவு குறைந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

மின்சாரத்துக்கு எமர்ஜென்சி லைட்டின் 6 வோல்ட் பேட்டரி, மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் எல்எம்317 என்ற சில்லு, அதோடு 2.2 ஓம் மின்தடை. அந்தச் சில்லு மின்தடையின் குறுக்கே நிறுத்திவைக்கும் 1.25 வோல்ட்டை 2.2ஆல் வகுத்தால் 570 மில்லி ஆம்பியர் சொச்சம். நம் டையோடுக்கு அது போதும். கண நேரம் மின்னோட்டம் எகிறினாலும் டையோடு போய்விடும். மழைக்காலத்தில் நம் ஊர் கரண்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதனால் பேட்டரியே மேல்.

படிகத்தைப் பொருத்தியவர், பிலிம் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர். அரிசிக் குருணை அளவே உள்ள துண்டு அது. கையுறை போட்டு, பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து வைத்தார். பூச்சில் விரல் ரேகை பட்டால் அவ்வளவுதான். அப்புறம் டையோடை அதன் பிடிக்குள் மெல்லச் சுழற்றினார். டையோடின் ஒளி ஒரு திசையில் முனைவுற்றது, அதாவது அதன் அலை ஒரே திசையில் அதிரும்; வனடேட்டும் ஒரு திசையில் அதிரும் ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும். இரண்டும் ஒத்துப்போன இடத்தில் அட்டையில் பச்சைப் புள்ளி பளிச்சென்று எழுந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் மங்கியது.

ஆனால் ஜனவரிக் காலைகளில் அதே லேசர் படுத்துவிட்டது. மதியம் வெயில் ஏறினால் பிழைத்துக்கொள்ளும். டையோடின் அலைநீளம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் நகரும். 25 டிகிரிக்கு 808 என்று குறித்த டையோடு, 10 டிகிரி அறையில் 804க்கு அருகே போய்விடுகிறது. வனடேட் அங்கே சரியாக உறிஞ்சுவதில்லை. சமவெளிக்காரர்கள் விசிறி வை, பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) வைத்துக் குளிரவை என்றுதான் யோசனை சொன்னார்கள். நமக்கு வேண்டியது நேரெதிர். பெல்டியரின் இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்தோம். டையோடைத் தாங்கும் அலுமினியக் கட்டி சூடேறியது, வெப்பநிலையை உணரும் தெர்மிஸ்டர் அதை 25 டிகிரியில் நிறுத்தியது. சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருப்பதால் பனிமூட்டம் உள்ளே புகுந்தாலும் படிகத்தில் ஈரம் படிவதில்லை. மூட்டம் வந்தால் கற்றை முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்பது நமக்கு மட்டும் கிடைத்த இலவசம்.

இனி சர்ச்சைக்குரிய செலவு. படிகத்துக்கும் டையோடுக்கும் ஆனதைவிடப் பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கு அதிகம் ஆனது என்று குறைபட்டீர்கள். உண்மைதான், அந்தச் செலவை நான்தான் வற்புறுத்தினேன். பச்சை கண்ணில் பட்டால் இமை மூடும். 1064 அகச்சிவப்பு பட்டால் மூடாது, ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 2010இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் (நிஸ்ட்) ஒரு மலிவான பச்சை லேசர் பாயிண்டரைச் சோதித்தபோது, பச்சையைவிட அகச்சிவப்பே அதிகம் வெளிவந்ததாக அறிவித்தது. உள்ளே அகச்சிவப்பு வடிகட்டி இல்லாததுதான் காரணம். நம் லேசரில் வடிகட்டி உண்டு. இருந்தாலும் 532, 808, 1064 மூன்றையும் தடுக்கும் என்று சான்றுள்ள கண்ணாடி போடாதவருக்கு அறைக்குள் இடமில்லை. கூலிங் கிளாஸ் எல்லாம் கணக்கில் வராது.

நட்சத்திரம் காட்ட இதை வெளியே எடுத்துப் போகலாமா என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்: கூடாது. மேலே விமானம் போகிறது, கீழே ரோட்டில் பஸ் வருகிறது. கற்றை அறையின் சுவரைத் தாண்டக் கூடாது.

ஒரு விற்பனையாளர் வேறு அலைநீள டையோடை அனுப்பி, திருப்பி வாங்கவும் மறுத்துவிட்டார். அந்தத் தொகை செலவுக் கணக்கில் தனியாகக் காட்டப்பட்டுள்ளது. தேநீர், வர்க்கிச் செலவு ஏன் கூடியது என்பதைப் பொருளாளர் விளக்குவார்.

வரும் ஆண்டில் லேசர் திறனை அளக்க ஒரு மீட்டர் வாங்கவும், அறைக் கதவில் திறந்தவுடன் லேசரை அணைக்கும் சுவிட்ச் பொருத்தவும் செயற்குழு அனுமதி கோருகிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்று கூட்டம் முடிவதற்குள் கட்டிவிட்டால் மீட்டர் சீக்கிரம் வரும். அறிக்கையை ஏற்றுத் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்