மணற்குழி இல்லாமல் ஒரு கோல்ப் ஹோல்

ஆசிரியருக்கு,

வன்னியில் பங்கர் என்றால் ஷெல்லடிக்குப் பதுங்கிய குழிதான். கோல்ப் திடலில் பந்துக்குத் தடையாக அதே பெயரில் தோண்டி மணல் நிரப்புவதை மணற்குழி என்றே எழுதுகிறேன். திடல் அமைக்க விரும்புவோர் முதலில் அதைத்தான் வரைகிறார்கள். எங்கள் மண்ணுக்கு அது பொருந்தாது.

100 சதுர மீற்றர் மணற்குழிக்கு 10 சென்ரிமீற்றர் தடிப்பில் மணல் போட்டாலே மூன்றரை கியூப் (கியூப் என்பது 100 கன அடி) முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரத்துச் செம்மண் கரைந்து மணலோடு கலக்கும். களி அடைத்த பிறகு தண்ணீர் இறங்காது. அத்தனை மணலையும் அள்ளி மாற்ற வேண்டும். மணல் அள்ளி ஆற்றங்கரைகள் இடிந்துகொண்டிருக்கும்போது விளையாட்டுக்கும் மணல் கேட்பது நியாயமில்லை.

மணற்குழி இல்லாததால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடாது. பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய குழிவரை உள்ள பகுதிதான் ஒரு ஹோல். ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூஸ் பழைய திடலின் 1ஆம், 18ஆம் ஹோல்களில் ஒரு மணற்குழியும் இல்லை. முதலாவதில் கிரீனுக்கு, அதாவது குழியும் கொடியும் உள்ள குட்டைப் புல்தரைக்கு, முன்னே ஓடை குறுக்கிடுகிறது. 18ஆவதில் கிரீனின் முன்புறத்துப் பள்ளம் தூரம் குறைந்த அடியைத் திருப்பி அனுப்பிவிடும். அமெரிக்காவின் ஒகஸ்ரா திடலில் 14ஆவதைக் காப்பது கிரீனின் மேடுபள்ளம் மட்டுமே. இங்கிலாந்தின் ரோயல் அஷ்டவுன் பொரெஸ்ற் திடல் முழுவதிலும் மணற்குழி கிடையாது.

இங்கே செய்யக்கூடியது இதுதான். கிரீனைச் சுற்றுத் தரையைவிட முக்கால் மீற்றர் உயர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் நான்குக்கு ஒன்று என்ற சரிவில் இறக்கி, அடியில் ஓரடி ஆழத்தில் அகன்ற பள்ளம் விடுங்கள். அந்தச் சரிவிலும் பள்ளத்திலும் புல்லை 12 மில்லிமீற்றருக்கு வெட்ட வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள்: புல் நீண்டிருந்தால் பந்து பாதியில் நின்றுவிடும், சரிவு வைத்ததே வீண். குட்டைப் புல்லில் பந்து கீழே உருண்டபின் உருட்டுவதா, தூக்கி அடிப்பதா என்று ஆடுபவர் யோசிக்க வேண்டும். புதிதாகப் பழகுபவரும் உருட்டித் தப்பலாம். மணலில் அந்த வழி இல்லை. மூன்றுக்கு ஒன்றைவிடச் செங்குத்தானால் புல்வெட்டும் இயந்திரம் மண்ணைச் சீவும்.

பள்ளத்துக்கு வடிகால் கட்டாயம். மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் வாட்டம் போதும். கொடி நடும் இடங்களில் சரிவு மீற்றருக்கு 3 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பந்து குழியருகே நிற்காது. கிரீன் மட்டமாகவே இருந்தால் மணற்குழி இல்லாத ஹோலில் ஆடுவதற்கு எதுவுமே இல்லை.

மிதிவெடி அகற்றிச் சான்று பெறாத நிலத்தில் மண்வெட்டி வைக்கவே கூடாது.

மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இறுக்கி, மேட்டு வேலையைப் பங்குனி, சித்திரையில் முடியுங்கள். புல்லுக்கு அலைய வேண்டாம். வெப்ப நாடுகளின் திடல்களில் பெர்முடா என்று வளர்ப்பது எங்கள் அறுகின் இனந்தான். கோரைக் கிழங்கைப் பொறுக்கிவிட்டு, ஆடிக்குள் அறுகை நட்டுக் கிணற்றுத் தண்ணீர் காட்டுங்கள். வெறும் சரிவில் ஐப்பசி மழை விழுந்தால் மேடு பள்ளத்துக்குள் வந்துவிடும்.

திடல் பராமரிப்பாளர்,
கிளிநொச்சி