துவக்கைக் கொடுத்தேன், துண்டு மட்டும் கையில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துவக்கு பிடிபட்ட செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. மேசையில் துவக்கை வைத்து, பக்கத்தில் இரண்டு தோட்டாவை அடுக்கி, பின்னால் பொலிஸார் நிற்கிற படம். பிடித்த துவக்கு அப்புறம் எங்கே போகிறது என்று ஒரு நாளும் எழுதியதில்லை. நான் எழுத வந்தது அதைப்பற்றி. அதிலும் களவாகச் செய்கிற இடியன் துவக்கு, மிருகம் தட்டினால் வெடிக்கும்படி கட்டிவைக்கிற கட்டுத்துவக்கு பற்றியல்ல, முத்திரை குத்தி லைசென்ஸ் தந்த துவக்கைப் பற்றி.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் குளத்துக்குக் கீழே ஐந்து ஏக்கர் வயல் செய்கிறவன். மேட்டுக்காணியில் கச்சான், உழுந்தும் போடுவேன். காட்டோரத்து வயல் என்றால் என்ன நிலைமை என்பது வன்னி ஆட்களுக்குத் தெரியும். பன்றி ஒரு இரவில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போகும், குரங்கும் மயிலும் பகலிலேயே வரும். யானைக்கு நாங்கள் துவக்கு நீட்டுவதில்லை, அதற்கு வெடி கொளுத்தித்தான் கலைக்கவேண்டும். மற்றதுகளுக்கு ஒரு சத்தவெடி போதும். அந்த ஒரு சத்தத்துக்காகக் கிராம சேவகர், பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், பொலிஸ், கச்சேரி என்று ஒன்றரை வருடம் அலைந்து 2015இல் எடுத்தேன் ஒற்றைக்குழல் சொட்கண் துவக்கு. தோட்டாவும் எண்ணித்தான்.

2019 காலபோகத்தில் பக்கத்துக் குடியேற்றத்தில் ஒருவருக்கு இரவில் காலில் வெடி பட்டது. அடுத்த நாள் பின்னேரம் பொலிஸார் வந்து எங்கள் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள துவக்கு நான்கையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பரிசோதனைக்கு என்றார்கள். சரி, ஒருவர் காயப்பட்டிருக்கிறார், விசாரிக்கத்தானே வேண்டும் என்று நானே துவக்கில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக் கொடுத்தேன். துவக்கைப் பெற்றுக்கொண்டதாகச் சிங்களத்தில் எழுதிய ஒரு துண்டு தந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த கிழமை ஒருவரிடம் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். தொடர் இலக்கத்தில் ஒரு எண் பிழை. அதைத் திருத்த இரண்டு தடவை போய்வந்தது தனிக்கதை.

இதில் ஒரு விசயம் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. சொட்கண் குழல் உள்ளே வழுவழுப்பானது, ரைபிள் குழலில் இருப்பதுபோல் சுருள்வரி அதில் கிடையாது. ஆகவே காலில் இருந்து எடுத்த சன்னத்தை வைத்து, இது இந்தத் துவக்கால்தான் போனது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வெடித்த வெற்றுத் தோட்டா கிடைத்தால் கதை வேறு. அதன் பின்பக்கத்தில் ஊசி குத்திய தழும்பு இருக்குமே, அது துவக்குக்குத் துவக்கு மாறும், அதை நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த இடத்தில் வெற்றுத் தோட்டா ஒன்றும் எடுபடவில்லை. எடுபடாது என்றுதான் பிறகு தெரிந்தது, ஏனென்றால் அந்த மனிதருக்குப் பட்டது யாரோ பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு. அதில் தோட்டாவே இல்லை, மருந்து இடித்துப் போடுவது. ஆனாலும் எங்கள் நான்கு துவக்கும் கொழும்புக்கு, அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போய், ஒரு வருடத்துக்கு மேல் அங்கே கிடந்து திரும்பி வந்தன. இடையில் கொரோனாவும் வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

வழக்கு முடிந்தது. எங்களில் ஒருவர் மீதும் குற்றமில்லை. துவக்கு மட்டும் எங்கள் கைக்கு வரவில்லை.

பொலிஸில் கேட்டால் கோர்ட்டில் இருக்கிறது என்றார்கள். கோர்ட்டில் கேட்டால் மனுப்போட வேண்டும், செல்லுபடியான லைசென்ஸ் காட்ட வேண்டும் என்றார்கள். நியாயம்தான், லைசென்ஸ் இல்லாதவன் கையில் துவக்கைக் கொடுக்க முடியுமா? லைசென்ஸோ ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டியது. புதுப்பிக்கப் போனால் துவக்கைக் காட்டுங்கள் ஐயா, பார்த்து இலக்கம் ஒப்பிட்டால்தான் சிபாரிசு எழுதலாம் என்றார் கந்தோரில் இருந்த பிள்ளை. துவக்கு கோர்ட்டில் பிள்ளை என்றேன். அப்போ கோர்ட்டில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றது. கோர்ட்டில் லைசென்ஸ் கேட்கிறார்கள் பிள்ளை என்றேன். அந்தப் பிள்ளை பாவம், சிரிக்கவும் முடியாமல் இருந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, அன்று பஸ்ஸுக்குக் கொடுத்த காசை நினைத்தபோது அதுவும் போய்விட்டது.

சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். பொலிஸார் பொருளைக் கைப்பற்றினால் உடனே நீதவானுக்கு அறிவிக்கவேண்டும், உரிமையாளரிடம் கொடுப்பது பற்றி நீதவான் கட்டளை போடுவார், அது 431ஆம் பிரிவு. உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால் அறிவித்தல் போட்டு ஆறு மாதம் பார்ப்பார்கள், யாரும் வராவிட்டால் அரசாங்கத்துக்கு. வழக்கு முடிந்தபின் சான்றுப்பொருளை என்ன செய்வது என்பது 425ஆம் பிரிவு, நீதிமன்றம் பொருத்தமான கட்டளை போடலாம். எல்லாம் நல்லாய்த்தான் எழுதியிருக்கிறது. யாரென்று தெரியாத ஆளுக்கு ஆறு மாதம் என்று எழுதிய சட்டத்தில், பெயர், ஊர், லைசென்ஸ் இலக்கம் எல்லாம் கொடுத்த எனக்கு எத்தனை நாள் என்று ஒரு வரி இல்லை. யாராவது கேட்டு, யாராவது நினைவுபடுத்தி, யாராவது பதிவேட்டைத் தேடி எடுத்தால்தான் அசையும்.

போன வருடம் ஒரு தடவை அடையாளம் காட்டச் சொல்லி என் துவக்கைக் கண்ணால் காட்டினார்கள். அதை எழுதாமல் விட மனமில்லை. வேறு துவக்குகளோடு சேர்த்துச் சணல் கயிற்றால் விறகுக்கட்டு மாதிரிக் கட்டி மூலையில் சாத்தியிருந்தது. விசைக் காப்பில் கோர்த்த மட்டைத் துண்டில் வழக்கு இலக்கம், பாதி மை கரைந்துவிட்டது. மரப்பிடியின் அடியில் கறையான் மண். குழலை மடித்துப் பார்க்கக் கேட்டேன், மடியவில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் தேங்காய் எண்ணெய் துணியில் தொட்டுக் குழலுக்குள் விட்டு எடுத்த துவக்கு அது. (தேங்காய் எண்ணெய் கூடாது, மெசின் எண்ணெய்தான் நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள், எனக்கும் தெரியும், வீட்டில் இருந்தது அதுதான்.) காவலுக்கு நின்ற தம்பி, ஐயா இதை வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள், வெடித்தால் உங்கள் முகத்தில்தான் வெடிக்கும் என்றார். உண்மைதான்.

மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தைப் பிடித்தால் பிணைமுறி எழுதிவிட்டு உரிமையாளரிடம் விடுகிறார்கள், கேட்டபோது கொண்டுவந்து காட்டு என்று. குற்றம் செய்த வாகனத்துக்கே அது முடியும். சந்தேகத்துக்குக்கூட ஆளாகாதவனின் துவக்கை ஏன் சோதித்து, படம் எடுத்து, குறிப்பு எழுதி, அதே மாதிரி விடமுடியாது? துவக்கு ஆபத்தான பொருள் என்பார்கள். ஆபத்தான பொருள் என்றால் சணல் கயிற்றில் கட்டி ஒரு பூட்டுக்குப் பின்னால் ஆறு வருடம் வைத்திருப்பது மட்டும் பாதுகாப்பா? சான்றுப்பொருள் அறை உடைபட்ட செய்திகளை நாங்களும் வாசித்திருக்கிறோம். 2025இல் ஜனாதிபதியே பாராளுமன்றத்தில் எழுந்து, ஒரு இராணுவ முகாமில் இருந்து 73 டீ-56 துப்பாக்கிகள் பாதாளக் கோஷ்டிகளின் கைக்குப் போயின என்று சொன்னார். முகாமிலேயே அப்படி என்றால் கோர்ட்டடி அறை எம்மட்டு?

அரசாங்கத்தின் பயமும் எனக்கு விளங்காமல் இல்லை. அதே வருடம் பெப்ரவரியில் கொழும்பு நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டப் புத்தகத்தைக் குடைந்து அதற்குள் ரிவோல்வரை வைத்துக் கொண்டுபோய் ஆளைச் சுட்டார்கள். அதற்கு முன்னமே, 2024 கடைசியில், தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீள ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கெடு வைத்து, பிறகு 2025 ஜனவரி 20 வரை நீட்டியது. அந்தச் செய்தி வந்த அன்று பயிர்த் துவக்குக்காரருக்கும் வயிற்றைக் கலக்கியது, எங்களுக்குப் பழைய அனுபவம் இருக்கிறது. எண்பதுகளில் என் அப்பாவும் பொலிஸில் ஒப்படைத்தவர்தான், நிலைமை சரியானதும் தருவோம் என்ற பேச்சில். அதற்குத் தந்த துண்டை அவர் காணி உறுதியோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். பொலிஸ் நிலையம் போய்விட்டது, பிறகு 2009இல் பெட்டியும் போய்விட்டது. அப்பா சாகும் வரைக்கும் அந்தத் துவக்கின் இலக்கத்தைப் பாடமாகச் சொல்வார்.

கனடாவில் இருக்கிற மருமகன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பறிமுதலான துவக்கை மாநிலப் பொலிஸார் லைசென்ஸ் உள்ள வியாபாரிகளுக்கு ஏலத்தில் விற்கிறார்களாம், அந்தக் காசில் பொலிஸாருக்குக் கவச அங்கி வாங்குகிறார்களாம். வேறு ஊர்களில் அழிக்கக் கொடுப்பார்கள், ஆனால் அழிக்க எடுத்த கம்பனிகள் சில, சட்டத்தில் துவக்கு என்று எழுதியிருக்கிற அந்த ஒரு பாகத்தை மட்டும் நசுக்கிவிட்டு மிச்சக் குழல், பிடி, விசை எல்லாவற்றையும் உதிரியாக விற்றன என்று 2023இல் அங்கே பத்திரிகைகளில் நாறியது. ஏலம் எங்கள் நாட்டுக்கு வேண்டாம் சாமி. ஆனால் அங்கே யாரோ கணக்குக் கேட்டதால்தானே நாறியது, இங்கே அந்தக் கணக்கே இல்லை.

2005 ஜூலையில் கைப்பற்றிய துவக்குகளைப் பல்லாயிரக்கணக்கில் பகிரங்கமாக அழித்துக் காட்டியதும் இந்த நாடுதான். அரசுடைமையானதை அப்படிச் செய்யட்டும், இலக்கங்களைப் பத்திரிகையில் போட்டுவிட்டு, நாலு பேர் பார்க்க வெட்டி உருக்கட்டும். என்னுடையதையும் தரமுடியாது என்றால் தரமாட்டோம், அழித்துவிட்டோம் என்று ஒரு கடதாசி தந்தால் வாங்கிக்கொண்டு போய்ப் புதிதாக விண்ணப்பிப்பேன். இப்போது பதிவேட்டில் என் பெயரில் ஒரு துவக்கு இருப்பதால் இன்னொன்றுக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடத்தில் நாடு முழுக்கக் குரங்கும் மயிலும் எண்ணச் சொன்னார்கள், நானும் வயல்வரம்பில் நின்று எண்ணி எழுதிக் கொடுத்தேன். அசையாமல் ஓரிடத்தில் சாத்திவைத்திருக்கிற துவக்கை எண்ணுவது அவ்வளவு கஷ்டமா?

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று துவக்கு எடுபட்ட நான்கு பேரில் ஒருவர் காத்திருந்து களைத்துக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் வேலியில் கரண்ட் கம்பி இழுத்திருக்கிறார் என்று கேள்வி, அது என்ன வேலை என்று கோபித்தேன், பதிலுக்கு அவர் என் கச்சான் தோட்டத்தைக் கையால் காட்டினார். தீனிக்குள் மறைத்துவைத்த பன்றிவெடியைக் கடித்து வாய் கிழிந்த யானைக்குட்டியைப் பார்த்தவன் நான், அந்தப் பாவம் வேண்டாம் என்றுதான் இன்னும் தகரம் தட்டிக்கொண்டு பரணில் இருக்கிறேன்.

வாற மாதம் மறுபடி தவணை. துண்டை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் யாராவது அன்று கோர்ட்டடிக்கு வந்தால், அந்த அறையில் எத்தனை துவக்கு இருக்கிறது, அதில் எத்தனைக்கு வழக்கு முடிந்துவிட்டது என்று பதிவாளரிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொல்லுங்கள். நான் கேட்டால் வெளியே இருக்கச் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு விவசாயி
(பெயரும் விலாசமும் உங்கள் பார்வைக்கு மட்டும், தயவுசெய்து போடவேண்டாம்)