செட்டிநாட்டு வீடுகளும் மே மாத வேன்களும்

ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறை விட்டதும் மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக, செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தானுக்கு வேன் வேனாகக் கிளம்புகிறார்கள். அந்த வீடுகளின் சூட்சுமம் தெரிய ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டும். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் கொட்டி, மூலையில் உள்ள துவாரம் வழியே வெளியேறும். அதில் சருகு அடைத்துக்கொண்டால் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தாழ்வாரம் வரை தண்ணீர் ஏறிவிடும். அதனால்தான் ஓடு மாற்றுவதையும் தூர் எடுப்பதையும் புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும்.

வெளிச்சம் பார்க்க மார்கழி நல்லது. சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் முற்றத்து வெயில் வடக்குத் தாழ்வாரத் தூண்கள் மேல் விழும். சித்திரை முதல் வாரத்தில் உச்சி வெயில் நேர் செங்குத்து. முற்றம் கொதிக்கும், தாழ்வாரம் நிழலாக இருக்கும்.

மழை விட்டதும் சுவரைக் கவனியுங்கள். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் ஒட்டுப்போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். எத்தனையோ வீடுகளில் இதே கதை!

செருப்பை வாசலில் விடுங்கள். அதில் ஒட்டிய மணல் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைக் (கையால் செய்த பூப்போட்ட ஓடு) கீறும். அந்தக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போய்விடும். ஈரத்துணியும் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயும் போதும்.

பல வீடுகள் பூட்டியிருக்கும். காவலாளியிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

– வாசகர், மதுரை