பலகாரக் குறிப்போடு பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் தீபாவளி மலரில் வந்த பலகாரப் பக்கங்களை வழக்கம்போலக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். வருடா வருடம் செய்வதுதான். ஆனால் இந்த முறை படித்து முடித்ததும் மனசில் ஒரு குறை நின்றுவிட்டது. அளவு இருந்தது, செய்முறை இருந்தது, படம்கூட அழகாக இருந்தது. இதை யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று மட்டும் ஒரு குறிப்பிலும் இல்லை.

என்னிடம் ஒரு பழைய கணக்கு நோட்டு இருக்கிறது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்ல, தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்புப் படித்த நான் எழுதிய நோட்டு அது. அதில் எந்தப் பலகாரத்துக்கும் வெறும் பெயர் கிடையாது. 'டிரைவர் வீட்டு மக்சிக் பங்கிட்', 'கிராணி வீட்டு அம்மா கேக்', 'தவுக்கே வீட்டம்மா கபிட்', 'ஆயாக்கொட்டகை பெரியம்மா முறுக்கு'. இப்படித்தான் தலைப்பு. மக்சிக் என்பது வயதில் மூத்த மலாய்ப் பெண்ணைக் கூப்பிடும் முறை. கிராணி தோட்டத்து எழுத்தர், தவுக்கே சீன முதலாளி, ஆயாக்கொட்டகை தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். பங்கிட் மரவள்ளி மாவு பிஸ்கட், கபிட் மெல்லிசாக வார்த்து மடிக்கிற பிஸ்கட். ஆளைச் சொன்னால்தான் அம்மாவுக்கு அளவே ஞாபகம் வரும். "மக்சிக் அன்றைக்கு இரண்டு பால் டின் மாவு போட்டாள், சீனி ஒரு டின்னுக்குக் கொஞ்சம் குறைச்சல்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சில இடத்தில் 'அரைக் காத்தி' என்று எழுதியிருக்கிறேன். ஒரு காத்தி 600 கிராமுக்குச் சற்று மேலே. பிற்பாடு பென்சிலால் பக்கத்தில் கிராமில் எழுதி வைத்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்தத் தமிழர் வீட்டிலும் ஓவன் கிடையாது, விறகடுப்புதான். நம் பலகாரங்கள் பெரும்பாலும் எண்ணெயில் பொரியும், இல்லாவிட்டால் ஆவியில் வேகும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, அச்சு முறுக்கு எதற்கும் ஓவன் வேண்டாம். அப்படியிருக்க, இன்று மலேசியாவில் யார் வீட்டுத் தீபாவளிக்குப் போனாலும் மேசையில் சிவப்பு மூடிப் போத்தல்கள் பாதிக்குப் பாதி சுட்ட பிஸ்கட்டாக இருக்கின்றனவே, அவை எங்கிருந்து வந்தன? பக்கத்து வீட்டிலிருந்து வந்தன. இதை எழுதாமல் நம் தீபாவளிப் பலகாரத்தைப் பற்றி எழுதவே முடியாது என்று நினைக்கிறேன்.

மக்சிக்கின் கணவர் தோட்டத்து லாரி ஓட்டியவர். அவர்கள் வீட்டில் பஹுலு என்ற சின்ன முட்டைக் கேக் சுடும் கனமான இரும்பு அச்சு ஒன்று இருந்தது, மூடியோடு. கீழே தணல், மூடி மேலேயும் தணல், எல்லாம் தேங்காய்ச் சிரட்டைக் கரி. மேலே கூடினால் முகம் கருகும், கீழே கூடினால் அடி பிடிக்கும். முட்டை, சீனி, மாவு மூன்றும் ஒரே குவளை அளவு, அவ்வளவுதான் கணக்கு. முட்டை அடிப்பதில்தான் உயிர் போகும். பேக்கிங் பவுடர் எதுவும் இல்லை, முட்டையில் ஏறிய காற்றுதான் பஹுலுவைத் தூக்க வேண்டும். அம்மாவும் மக்சிக்கும் மாறி மாறி அடிப்பார்கள். கை ஓயும்போது ஊர்க்கதை ஓடும். அம்மாவுக்கு மலாய் பாதி, மக்சிக்குக்குத் தமிழ் பாதி. இரண்டும் சேர்ந்து முழுசாக ஒரு பேச்சு நடந்துவிடும்.

கிராணி வீட்டு அம்மா மலையாளக் கிறிஸ்தவர். கேக்குக்கு உலர்ந்த பழங்களைத் தீபாவளிக்கு முன்பே ஊறப்போட்டுவிடுவார். தவுக்கே வீட்டம்மா சீனப் புத்தாண்டுக்குக் கபிட் வார்ப்பார், சூடு ஆறுமுன் நான்காக மடிக்க வேண்டும், என் விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். மக்சிக் வீட்டுக்கென்று அனுப்பும் அன்னாசி டார்ட்டைப் பன்றிக் கொழுப்பு படாத தனிப் பாத்திரத்தில், பட்டர் போட்டுச் செய்வார் அவர். யாரும் கேட்டு அவர் செய்ததில்லை.

இனி பங்கிட்டுக்கு வருகிறேன். உங்கள் மலரில் அரைக் கிலோ மரவள்ளி மாவுக்கு 1 கப் தேங்காய்ப்பாலை ஊற்றிப் பிசையச் சொல்லியிருந்தது. இதைப் பார்த்து முதல் தடவை செய்கிற பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கல்லாகத்தான் வரும். மக்சிக் முதல் நாளே மாவை இரும்புச் சட்டியில் பண்டான் இலையோடு சின்னத் தீயில் வறுப்பார். இலை மொறுமொறுப்பாகிக் கையில் நொறுங்கும்போது மாவில் இருந்த ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். மாவு லேசாகி, கிண்டும்போது புகைபோலப் பறக்கும். அப்புறம் இரவு முழுக்க ஆற வேண்டும். சூடு மிச்சமிருக்கும் மாவில் பால் பட்டால் கஞ்சிப் பசைபோல இழுத்துக்கொள்ளும். பாலையும் தண்ணீர் சேர்க்காமல் பிழிந்து, கரண்டி கரண்டியாகத்தான் விட வேண்டும். பிடித்தால் நிற்கிற, அழுத்தினால் உதிர்கிற பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு பால் என்று அன்றைய மாவுதான் சொல்லும். வாயில் போட்டதும் கரைகிற பங்கிட் இப்படித்தான் வரும். மக்சிக் இதில் எதையும் மறைத்ததில்லை. ஒரு சாமானை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்கிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர் அந்த ரகமில்லை. ஒரு தடவை நான் தப்பாகச் செய்துவிட்டதைப் பார்த்து, தன் வீட்டு மாவைக் கொண்டுவந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

2005 நினைவிருக்கிறதா உங்களுக்கு? நவம்பர் 1 தீபாவளி, நவம்பர் 3 நோன்புப் பெருநாள். நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும், நம் தீபாவளியோ ஐப்பசியை ஒட்டியே நிற்கும். அதனால் இரண்டும் இப்படி உரசிக்கொள்வது 32, 33 ஆண்டுக்கு ஒரு தரம் அமைகிற காலம். அப்போது நாங்கள் லயத்தில்தான் இருந்தோம், எங்கள் வீட்டுக்கும் ஒரு கேஸ் ஓவன் வந்திருந்தது. அந்த அக்டோபரில் மக்சிக் நோன்பு, நான் கௌரி விரதம். முட்டை போட்ட மாவை நான் வாயில் வைக்க மாட்டேன், பகலில் அவர் எதையுமே வைக்க மாட்டார். ருசி பார்க்க ஆள் வேண்டுமே! ஒன்பது வயது என் மகனை நடுவில் உட்கார வைத்தோம். "இனிப்பு போதுமாடா?" என்று நான் தமிழில் கேட்பேன், அவர் மலாயில் கேட்பார். அவன் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டுவான். அவர் நோன்பு திறந்ததும் ஒரு தட்டு பேரீச்சம்பழம் எங்கள் வாசலுக்கு வரும். அந்த வருடம் சுட்ட பிஸ்கட்டில் எது யாருடையது என்று எங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். மக்சிக் வீட்டுப் பெருநாள் மேசையில் முதலில் காலியாகும் போத்தல் முறுக்குதான். ஒரு கிலோ அரிசி மாவுக்குக் கால் கிலோ வறுத்த உளுந்து மாவு, ஓமம், கொஞ்சம் தேங்காய்ப்பால். அம்மாவின் கை அளவு அது, அம்மாவுக்கு ஆயாக்கொட்டகைப் பெரியம்மா சொன்னது. அச்சைப் பிழிந்து சுற்றுவதற்கு மக்சிக் பழகிய கதை தனிக் கதை.

எங்கள் வட்டாரத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917-இல் உருவானது இங்கேதான். எங்கள் தோட்டத்திலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நெய் வாங்க முடியாத வருடங்களில் அம்மா மாஜரின் போட்டுச் சுட்ட பிஸ்கட்டில் இருந்ததும் அந்தச் செம்பனை எண்ணெய்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்ற எங்கள் பட்டணம் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அப்புறம் லயம் காலியானது. நாங்கள் அடுக்குமாடிக்கு வந்தோம், மக்சிக் கோலசிலாங்கூரில் மகள் வீட்டுக்குப் போனார். பெருநாளுக்கு நாங்கள் போவோம், தீபாவளிக்கு அவர்கள் வருவார்கள். அவர் தவறி மூன்று வருடம் ஆகிறது.

அவர் போன அடுத்த பெருநாளுக்கு முன்பு அவருடைய மகள் எனக்குப் போன் செய்தாள். அம்மா எதையும் எழுதி வைக்கவில்லை, பங்கிட் எவ்வளவு முயன்றும் சரியாக வரவில்லை, உங்களுக்குத் தெரியுமா அக்கா என்று கேட்டாள். நோட்டைப் பிரித்தேன். மக்சிக்கின் பலகாரம் ஒன்பது இருந்தன. அவருடைய கை அளவு உலகத்தில் எழுத்தில் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் தமிழில். நான் வரி வரியாக மலாயில் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள். நடுவில் நிறுத்தி, "மேலே என்ன எழுதியிருக்கிறது?" என்றாள். 'டிரைவர் வீட்டு மக்சிக்' என்று படித்தேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. அப்புறம், அதையும் எழுதிக்கொள்கிறேன் என்றாள். தலைப்பில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால், அத்தனை பக்கத்தில் அவள் அம்மாவுடையது எது என்று நான் எப்படித் தேடிக் கொடுத்திருப்பேன்?

இப்போது பலரும் பலகாரத்தை ஆர்டர் செய்து வாங்குகிறார்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு நேரமில்லை, நானும் வாங்குகிறேன். வீட்டிலேயே சுட்டு விற்று நாலு காசு பார்க்கிற பெண்களுக்கு அது பிழைப்பு, அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான் கேட்பது உங்களிடம். அடுத்த மலருக்கு வாசகர்களிடம் குறிப்பு கேட்கும்போது, 'யாரிடம் கற்றீர்கள்' என்று ஒரு வரியும் கேளுங்கள். இயற்பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கம்பத்து மக்சிக், டிரெஸ்ஸர் வீட்டு அம்மா, பக்கத்து லயத்துச் சின்னம்மா என்று போட்டாலே தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். இடம் போதாவிட்டால் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தோடு பங்கிட் குறிப்பையும் அனுப்புகிறேன்: வறுத்து ஆறிய மரவள்ளி மாவு 500 கிராம், பொடித்த சீனி 150 கிராம், முட்டை மஞ்சள் கரு 2, தேங்காய்ப்பால் 150 மில்லியில் ஆரம்பித்துப் பதம் பார்த்து. ஓவன் 160 டிகிரி, 15 முதல் 20 நிமிடம், வெளுப்பாகவே எடுக்க வேண்டும். மக்சிக்கின் மகளிடம் கேட்டுவிட்டேன், அவளுக்குச் சம்மதம். தலைப்பை மட்டும் மாற்றாமல் போடுங்கள்: 'டிரைவர் வீட்டு மக்சிக் பங்கிட்'.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்