தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நாட்கள்

சிங்கப்பூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில் பேசியதிலிருந்து எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை. சி6, சி7 எனப்படும் கழுத்தின் ஆறாவது, ஏழாவது முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் இடப்பக்கமாகப் பிதுங்கி, தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேரை அழுத்துவதாக எம்ஆர்ஐ அறிக்கையில் எழுதியிருக்கிறது என்றாய். மெல்பர்னில் நீ பார்த்த அறுவை மருத்துவர் ஒன்று சொல்ல, பாக்ஸ் ஹில்லில் உன் தோழி அழைத்துச் சென்ற சீன மருத்துவர் வேறொன்று சொல்ல, யாரை நம்புவது என்று தெரியாமல் கலங்குவதாகவும் சொன்னாய். "அப்பா, உங்களுக்கும் இதேதானே வந்தது?" என்று நீ கேட்டபோது நான் பாதி பதிலைத்தான் சொன்னேன். மீதியைத் தொலைபேசியில் கோவையாகச் சொல்ல எனக்கு வராது என்பதால் எழுதுகிறேன்.

இதேதான் அம்மா, இதே இடம், இதே கை. 2009ஆம் ஆண்டு அது. கப்பல் பட்டறையில் வரைவாளராக முதலில் வரைபலகையின்மீதும் பின்னர் கணினித் திரைக்கு முன்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குனிந்தே இருந்த கழுத்து என்னுடையது. முதலில் இடது தோள்பட்டை எலும்பின் உள்ளோரத்தில் ஆணி இறங்குவதுபோல் ஒரு வலி வந்தது. சுளுக்கு என்று நினைத்து உன் பாட்டி உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தார். இரண்டாவது வாரத்தில் வலி புயத்தின் பின்புறமாக இறங்கி நடுவிரல் நுனிவரை வந்து, அந்த விரல் மரத்துப்போனது. படுத்தால் வலி கூடியது. உட்கார்ந்தபடியே பல இரவுகள் விழித்திருந்தேன். நீ அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் காலையில் சமையலறை மேசையருகே நான் இடது கையைத் தூக்கித் தலையின்மீது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆயிற்று?" என்று பதறிக் கேட்டாயே, நினைவிருக்கிறதா? குடி மூழ்கிப்போனவர்கள்தான் தலையில் கை வைத்து உட்காருவார்கள் என்று உன் பாட்டியும் கடிந்துகொண்டார். ஆனால் அப்படி வைத்தால் மட்டுமே எனக்கு வலி தணிந்தது. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகும்போது நரம்பு வேரின் இழுவை தளர்வதால் வலி குறைகிறது என்றும், அதுவே நோயைக் காட்டும் ஓர் அடையாளம் என்றும் பலதுறை மருந்தகத்து மருத்துவர் பிறகு சொன்னார். உனக்கும் அப்படித் தணிகிறதா என்று பார்.

உனக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கழுத்தில் 7 முள்ளெலும்புகளும் 8 இணை நரம்பு வேர்களும் உள்ளன. "டிஸ்க் நழுவிவிட்டது" என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்தான் நம்மைத் திசை திருப்புகிறது. டிஸ்க் முழுதாக எங்கும் நழுவிப் போவதில்லை. கொழுக்கட்டை வேகும்போது மேல்மாவு வெடித்துப் பூரணம் பிதுங்குவதுபோல், டிஸ்க்கின் வெளிவளையம் கிழிந்து உள்ளேயிருக்கும் கூழ் வெளியே வருகிறது. அந்தக் கூழ் நரம்பு வேரை அழுத்துவதோடு, அழற்சியையும் கிளப்பி அதை வீங்கச் செய்கிறது. சி6-சி7 டிஸ்க் பிதுங்கினால் ஏழாவது வேர் பாதிக்கப்படும். நடுவிரல் மரத்துப்போவதும், முழங்கையை நீட்டித் தள்ளும் முத்தலைத் தசை வலுவிழப்பதும் அதனால்தான். கழுத்தில் அதிகமாக அகப்பட்டுக்கொள்ளும் வேரும் அதுவே.

பிதுங்கிய கூழை உடல் அந்நியப் பொருளாகக் கருதி, சில மாதங்களில் தானே அரித்துச் சுருக்கிவிடுவது உண்டு என்பதுதான் எனக்கு அந்நாட்களில் பெரிய ஆறுதலைத் தந்த செய்தி. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே குணம் தெரிகிறது. எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்குப் படம் எடுத்துப் பார்த்தபோது அவர்களில் 87.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு டிஸ்க் புடைத்திருந்தது. ஆகவே படத்தை உன் விரலோடும் தசையோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இனி சீன மருத்துவத்துக்கு வருகிறேன். அதை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் வளர்ந்த சிராங்கூன் சாலையிலேயே 1910ஆம் ஆண்டு தொடங்கிய குவோங் வாய் ஷியு மருத்துவமனை இருக்கிறது. இன வேறுபாடு பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்க்கவென்று 1867இல் தொடங்கிய தோங் சாய் நிலையமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. என் பட்டறை நண்பர் தம் குடும்ப சின்சேயிடம், அதாவது சீன மருத்துவரிடம், என்னை அழைத்துச் சென்றபோது, நான் அந்நியமான இடத்துக்குப் போவதாகவே உணரவில்லை.

அந்த அம்மையார் என் நாக்கைப் பார்த்தார். இரு மணிக்கட்டுகளிலும் மூன்று மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். தூக்கம், பசி, குளிர் தாங்கும் தன்மை எல்லாவற்றையும் விசாரித்தார். குளிரும் ஈரமும் காற்றும் புகுந்து உடலின் உயிராற்றல் ஓட்டத்தை அடைத்துவிட்டன, ஓட்டம் தடைப்பட்ட இடத்தில் வலி வரும் என்று விளக்கினார். நம் வீட்டுப் பெரியவர்கள் வாயுப் பிடிப்பு என்று சொல்வதைப் போலத்தான் அது என் காதில் விழுந்தது. பிறகு என் இடது கையை முட்டி பிடிக்கச் சொல்லி, சுண்டுவிரல் பக்கத்தில் உள்ளங்கை ரேகை முடியும் இடத்தில், ஹோவ்ஷி என்ற புள்ளியில், முடியைவிடச் சற்றே தடித்த ஊசியைச் செலுத்தினார். அதைத் திருகியபடியே, கழுத்தை மிக மெதுவாக அசைக்கச் சொன்னார். கையில் குத்திய ஊசிக்குக் கழுத்து இளகியது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அன்றிரவு மூன்று வாரங்களுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கினேன். அந்தத் தூக்கத்தின் மதிப்பை யாரும் எனக்குக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் வலி குறைந்ததை நோய் குறைந்ததாக நான் எடுத்துக்கொண்டேன். விரல் மரத்தபடியே இருந்தது. தசையோ இளைத்துக்கொண்டே வந்தது. மருத்துவமனையில் சின்சேயைப் பற்றிச் சொல்லவில்லை, சின்சேயிடம் எம்ஆர்ஐ படத்தைக் காட்டவில்லை. இருவரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசிவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம். இதற்கிடையே, எலும்பை நேராக்குகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் கழுத்தைக் கொடுத்தேன். அவர் தாடையைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பியபோது முதுகு வழியாக இரு கால்களுக்கும் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது. கூழ் பிதுங்கியிருக்கும் கழுத்தை அப்படித் திருப்பினால் தண்டுவடம் நசுங்கலாம். மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம்கூட வரலாம். அன்று நான் தப்பியது தெய்வச் செயல். உன் கழுத்தைச் சொடுக்கெடுக்கவோ திருப்பவோ யாருக்கும் அனுமதி கொடுக்காதே. சீன மருத்துவராக இருந்தாலும் மேல்நாட்டு முறைக்காரராக இருந்தாலும் இதுவே என் பேச்சு.

மற்றொரு தவறும் செய்தேன். தெரிந்தவர் ஒருவர் சீன மூலிகை என்று கொடுத்த கறுப்பு உருண்டைகளை வாங்கி விழுங்கினேன். இரண்டே நாளில் வலி பறந்தது; மூன்றாவது வாரத்தில் முகம் உப்பி, இரத்தச் சர்க்கரை ஏறியது. இப்படிப் பெயர் தெரியாத மாத்திரைகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது உண்டு என்று சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. நேர்மையான மூலிகையும் மருந்துதான். அதற்கும் வேகம் உண்டு. விறைத்த கழுத்துக்கென்று சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்ஜிங் என்ற சீன மருத்துவர் எழுதிவைத்த கெகன் கஷாயத்தில் எபிட்ரா என்ற செடியும் சேரும். அது இரத்த அழுத்தத்தை ஏற்றும். வலிக்குச் சேர்க்கப்படும் ஒருவகை வேர் முறையாகப் பக்குவப்படுத்தப்படாவிட்டால் இதயத்தையே தாக்கும். ஆகவே நீ குடிக்கும் கஷாயத்தில் உள்ளவற்றின் பட்டியலை எழுதி வாங்கி உன் மருத்துவரிடம் காட்டு.

என்னைச் சரியான வழியில் திருப்பியவர் அந்த சின்சேயேதான் என்பதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. ஆறாவது முறை சென்றபோது கையைப் பிடித்துத் தள்ளச் சொன்னார். என்னால் தள்ள முடியவில்லை. உடனே ஊசிப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, "இது ஊசியால் தீர்கிற விஷயமா என்பதை முதலில் முதுகெலும்பு மருத்துவர் சொல்லட்டும், பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். தன் எல்லை தெரிந்த மருத்துவர் அவர். உன் பாக்ஸ் ஹில் மருத்துவர் எப்படிப்பட்டவர் என்று அறிய நீயும் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலை முதல் சீன மருத்துவர்கள் தேசிய அளவில் பதிவு செய்துகொள்வது கட்டாயம்; அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார். படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாரா, தசையின் வலுவைச் சோதிக்கிறாரா என்றும் கவனி. தோள்மேட்டில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைத் தொட்டுவிடும் அபாயம் உண்டு என்பதால், அந்த இடத்தில் தேர்ந்த கை மிக முக்கியம்.

முதுகெலும்பு மருத்துவர் என் தண்டுவடம் அழுத்தப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆறு வாரங்கள் பார்க்கலாம் என்றார். இரவில் நரம்பு வலிக்கு மாத்திரை, சில நாட்களுக்கு மட்டும் கழுத்துக்கு மென்பட்டை, பிறகு கழுத்தின் முன்புற ஆழ்தசைகளை வலுவாக்கும் பயிற்சி. அக்குபங்சரைப் பற்றிச் சொன்னதும் அவர் சினக்கவில்லை. வலிக்கு உதவுமானால் தொடரலாம் என்றார். பிரிட்டனில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 517 பேரைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான ஆய்விலும் ஊசி ஓரளவு பலன் தந்தது. அது பொதுவான கழுத்து வலியைப் பற்றிய ஆய்வு. அழுத்தப்பட்ட நரம்பை ஊசி விடுவிக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

உன் மருத்துவர் கத்தியைப் பற்றிப் பேசினார் என்பதால் அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று எண்ணாதே. கழுத்தின் முன்புறமாகச் சென்று டிஸ்க்கை அகற்றி எலும்புகளை இணைக்கும் அந்தச் சிகிச்சை 1950களிலிருந்து நடந்துவருகிறது. இப்போது செயற்கை டிஸ்க் வைப்பதும் உண்டு. சில நாட்கள் குரல் கம்மும், விழுங்கச் சிரமமாக இருக்கும். சுவீடனில் 81 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சையும், ஒன்றுக்கு உடற்பயிற்சி மருத்துவமும், மற்றொன்றுக்குக் கழுத்துப் பட்டையும் கொடுத்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்குச் சில மாதங்களில் வலி விரைவாகத் தணிந்தது. ஓராண்டு கழிந்தபோது மூன்று பிரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வலி மட்டும் என்றால் காத்திருக்க உனக்கு உரிமை உண்டு. வலு குறைந்துகொண்டே போனால் காத்திருக்காதே. சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறினாலோ, சாப்ஸ்டிக் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, குனியும்போது முதுகில் மின்சாரம் ஓடினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ தண்டுவடமே நெருக்கப்படுகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடு. அந்த நேரத்தில் ஊசியும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், அப்பாவிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம்.

எனக்குக் கத்தி தேவைப்படவில்லை. பயிற்சி மருத்துவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். உடல் எடை பார்க்கும் இயந்திரத்தை மேசைமேல் வைத்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்தி, முள் எதுவரை போகிறது என்று ஞாயிறுதோறும் குறிக்கச் சொன்னார். முதல் வாரம் வலது கைக்கு 21 கிலோ, இடது கைக்கு 9. அடுத்த வாரமும் 9. நான்காவது வாரத்தில் 11. ஆறாவது வாரத்தில் 13. முதன்முதலில் இரண்டு கிலோ ஏறிய நாளில் உன் அம்மா பாயசம் வைத்தாள். 18ஐத் தொட ஏழு மாதங்கள் ஆயின. விரல் நுனியில் ஒரு பொட்டு மட்டும் இன்றும் மரத்தே இருக்கிறது.

இந்த வாரமே அப்படி ஓர் இயந்திரம் வாங்கிக்கொள். முள் இறங்கினால் அறுவை மருத்துவரிடம் போ; நின்றால் அல்லது ஏறினால் ஊசியோடும் பயிற்சியோடும் பொறுத்திரு. இரு கைகளின் எண்களையும் ஞாயிறுதோறும் எனக்கு அனுப்பு. என் பழைய குறிப்பேட்டில் உன் எண்களுக்கும் ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா