மூளைக்குப் போகுமா, போனால் என்ன ஆகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் சீன மூலிகைகள் பற்றி வந்த கட்டுரையை முழுசாகப் படித்தேன். ஏழெட்டு மூலிகைகளையும் சேர்த்து, எல்லாமே நேராக மூளைக்குப் போய் ஞாபகசக்தியைக் கூட்டும் என்று எழுதியிருந்தார்கள். நேராகவா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பத்தாவுக்கு 82 வயது, இரண்டு வருஷமாக மறதி நோய்க்கு டோனபெசில் மாத்திரை போகிறது. காரைக்குடிப் பக்கத்தில் பல வீடுகளைப் போல எங்களுக்கும் சிங்கப்பூரில் ஆள் உண்டு. பொங்கலுக்கு வந்த சித்தப்பா, கோடாலித் தைலத்தோடு ஒரு மூலிகை மாத்திரை டப்பாவும் கொண்டுவந்தார். மூலிகைதானே என்று காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று கொடுத்தோம். மூன்றாம் நாள் ஒரே வாந்தி, அரை இட்லிகூட இறங்கவில்லை, நாடித் துடிப்பு 48. டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்து, ‘ஹூப்பர்சின் ஏ’ என்ற பெயரில் விரலை வைத்தார்.

சீனாவில் பாசி மாதிரித் தெரியும் ஒரு சின்னச் செடியிலிருந்து 1980களில் பிரித்தெடுத்த பொருள் அது. மூளையில் நினைவுக்கு உதவுகிற அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை உடைக்கிற நொதியைத் தடுக்கும். டோனபெசில் செய்வதும் அதே வேலைதான், ஆக அப்பத்தாவுக்கு ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்திருக்கிறோம்.

இதில் பிடிபட வேண்டியது ரத்த-மூளைத் தடுப்பு, அதாவது ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் போய்விடாமல் மறிக்கிற சுவர். ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் 1885 வாக்கில் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது மற்ற உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் மாறவில்லை. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருப்பதுதான் காரணம். எங்கள் ஊர் வீடுகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், முகப்புவரை யாரும் வரலாம், உள்கட்டுக்குள் எல்லாரும் போய்விட முடியாது. கொழுப்பில் கரைகிற, மூலக்கூறு எடை சுமார் 400, 500க்குள் இருக்கிற சரக்குக்குத்தான் ஓரளவு வழி உண்டு, அதிலும் பலவற்றைச் சுவரில் இருக்கும் பி-கிளைக்கோபுரதம் என்கிற பம்ப் பிடித்துத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடும். ஹூப்பர்சின் எடை 242, அதனால் உள்ளே போகிறது. ஜின்செங்கில் இருக்கும் ஜின்செனோசைடு ஆர்பி1 எடை 1,100க்கு மேல். அது குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வருவதே கஷ்டம், குடல் பாக்டீரியா அதை வெட்டிச் சிறிதாக்கினால்தான் கொஞ்சமாவது ஏறும். நம் மரமஞ்சளிலும் சீனர்களின் ஹுவாங்லியன் வேரிலும் இருக்கும் பெர்பெரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான், குடல் பாக்டீரியா அதன் உருவை மாற்றி உள்ளே விட, குடல் சுவருக்குள் போனதும் அது மறுபடி பெர்பெரினாகிறது. இதற்கு நேராக என்றா பெயர்?

போர்னியால் இன்னும் சுவாரஸ்யம். கற்பூர வாசனை அடிக்கும் இந்தப் பொருளை, மற்ற மருந்துகளை மேலே அழைத்துப் போகும் தூதுவன் என்று சீன வைத்தியர்கள் வெகுகாலமாக மருந்துக் கூட்டில் சேர்த்து வந்திருக்கிறார்கள். ஆங்கோங் நியூஹுவாங் என்ற சீன மருந்து உருண்டையில் கோரோசனை, கஸ்தூரியோடு இதுவும் உண்டு. (கோரோசனையும் கஸ்தூரியும் நம் வைத்தியத்துக்குப் புதிதா என்ன!) போர்னியால் அந்தத் தடுப்பைக் கொஞ்ச நேரம் தளர்த்துவது விலங்குச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பழைய வைத்தியர்கள் கவனித்துச் சொன்னதில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கதவு தளர்ந்தால், கூடவே வருகிற மற்றவர்களும்தானே உள்ளே வருவார்கள்?

மூலிகையைத் திட்ட இதை எழுதவில்லை. அடுத்த வாரம் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு மூலிகைக்கும் எந்தப் பொருள் மூளைவரை போகிறது, அது மனிதரில் பார்த்ததா எலியில் பார்த்ததா, எந்த ஆங்கில மருந்தோடு மோதும் என்று ஒரு வரியாவது சேருங்கள். அப்பத்தா இப்போது தேவலை, டப்பாவை நிறுத்திய பிறகு நாடி 70க்கு வந்துவிட்டது. சித்தப்பாதான், உங்கள் கட்டுரையை இணையத்தில் படித்துவிட்டு, வேறு ஏதோ மூலிகையில் இரண்டு டப்பா வாங்கி வைத்திருப்பதாக நேற்று போனில் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி