உயர் அழுத்த டீசல் பம்புக்கு உத்தரவாதம் மறுத்தது தொடர்பான புகார்

பெறுநர்:
மேலாளர், பழுதுபார்ப்புச் சேவைப் பிரிவு,
காக்கி புக்கிட், சிங்கப்பூர்

அன்புடையீர்,

உங்கள் பணிமனையில் புதிய உயர் அழுத்த பம்ப் பொருத்திய எங்கள் 14 அடி லாரி, உத்தரவாதக் காலம் முடியும் முன்பே அதே கோளாறோடு மறுபடி நின்றுவிட்டது. "டீசலில் தண்ணீர், உத்தரவாதம் செல்லாது" என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. முதல் பம்ப் நொறுங்கியபோது சிதறிய இரும்புத்தூளை எரிபொருள் பாதையிலேயே விட்டுவிட்டுப் புதுப் பம்பை மாட்டியதுதான் காரணம் என்று எங்கள் பராமரிப்புப் பிரிவு கருதுகிறது.

ஸ்கேனரில் பதிவானது பி0087 என்ற கோளாறுக் குறியீடு. பம்ப் அனுப்பும் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி, எஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் பங்கிடும் தடித்த குழாயான ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) எஞ்சின் கணினி 300 பார் அழுத்தம் கேட்கிறது. கிடைப்பது 220க்கும் 260க்கும் நடுவே அலைகிறது. சரக்கோடு மேம்பாலம் ஏறும்போது 1,400 பார் கேட்டால் 900ஐத் தாண்டுவதில்லை, உடனே எஞ்சின் சக்தியைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய்விடுகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் சுற்றவேண்டும். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும், தேய்ந்த பாகங்களின் இடுக்கில் கசிவு கூடும். குளிர்ந்த எஞ்சினில் தப்பிக்கிற தேய்மானம் சூட்டில் பிடிபடுவது அதனால்தான்.

இந்தக் குறியீட்டை வைத்து மட்டும் பம்பைக் குற்றம் சொல்ல முடியாது. ஃபில்டர் அடைத்திருந்தாலும், டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று புகுந்தாலும், இன்ஜெக்டர் கசிந்தாலும், ரெயில் முனையிலுள்ள பிரஷர் வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதேதான் வரும். ஆகவே வரிசையாகப் பார்த்தோம். புது ஃபில்டர் போட்டும் மாற்றமில்லை. வருகைக் குழாயில் கண்ணாடிபோன்ற தெளிவான குழாயை இணைத்துப் பார்த்ததில் குமிழி இல்லை. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, அளவுக்கோடு போட்ட பாட்டில்களில் விட்டு ஐடிலில் ஓட்டியபோது, மூன்றாவது இன்ஜெக்டரில் மட்டும் மற்றவற்றைப் போல மூன்று மடங்கு டீசல் திரும்பியது, அதாவது அது உள்ளே கசிகிறது. பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வைக் கழற்றினால் அதன் வலையில் பளபளக்கும் துகள்கள். காந்தத்தை நீட்டினோம், ஒட்டிக்கொண்டன. ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலும் அதே துகள்கள்தான். படங்களை இணைத்திருக்கிறோம்.

இவை எங்கிருந்து வந்தன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. இந்த வகைப் பம்பில், டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சரைத் தள்ளும் கேமுக்கும் (மேடுள்ள சுழல் தண்டு) அதன்மேல் உருளும் ரோலருக்கும் தனி எஞ்சின் ஆயில் கிடையாது, டீசல்தான் மசகு. ரோலர் தாங்கி திசை திரும்பிவிட்டால் உருள வேண்டிய ரோலர் கேமின்மேல் குறுக்கே உரசும், இரும்பைச் சீவித் தள்ளும். டீசல் முதலில் கேம் அறைக்குள் புகுந்து, பிறகுதான் மீட்டரிங் வால்வு வழியாகப் பிளஞ்சருக்குப் போகிறது. எனவே தூளில் ஒரு பங்கு ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் ஏறுகிறது, மறுபங்கு ரிட்டர்ன் வழியே டேங்கில் இறங்குகிறது. இன்ஜெக்டர் வால்வின் இடைவெளி சில மைக்ரான்தான். அதில் கடினமான துகள் ஒன்று சிக்கினால் வால்வு அமரும் பரப்பு கீறிப்போகும்; அதன்பின் எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் அழுத்தம் நிற்காது. முதல் பம்பை நீங்கள் கழற்றியபோதே உள்ளே தூள் இருந்தது. உங்கள் ஊழியரே அதை எங்கள் ஓட்டுநரிடம் காட்டியிருக்கிறார். இருந்தும் உங்கள் விலைப்பட்டியலில் இருப்பவை பம்ப், ஃபில்டர், கூலி மட்டுமே. டேங்க் கழுவியதாகவோ, ரெயிலையும் குழாய்களையும் மாற்றியதாகவோ, இன்ஜெக்டர்களைச் சோதனை மேசையில் பார்த்ததாகவோ ஒரு வரிகூட இல்லை.

இனி தண்ணீர் விஷயம். ஈரப்பதம் மிகுந்த ஊர் இது, பாதி காலியான டேங்கில் இரவில் நீர் கோக்கும். டீசலில் தண்ணீரே வராது என்று நாங்கள் வாதாடவில்லை. ஆனால் தண்ணீர் பழுதாக்கிய பம்பில் துருக்கறையும் சிறு குழிகளும் தெரிய வேண்டும், ஃபில்டர் அடியிலுள்ள பிரிப்பானில் நீர் நிற்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்த பதிவு கணினியில் இல்லை. பிரிப்பானைத் திறந்து விட்டபோது தெளிந்த டீசல்தான் வந்தது. அதே நிலையத்தில் டீசல் நிரப்பும் எங்கள் மற்ற லாரிகளுக்கு இந்தக் கோளாறு இல்லை.

எரிபொருள்மீது குறை சொல்வதென்றால் ஆய்வறிக்கை வேண்டும். ஐரோப்பாவின் டீசல் தரமான ஈஎன் 590இல் நீருக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். மசகுத் தன்மைக்கு, 60 டிகிரி செல்சியஸில் செய்யும் எச்எஃப்ஆர்ஆர் என்ற உராய்வுச் சோதனையில் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. சிங்கப்பூரில் 2013 முதல் கந்தகம் 10 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் 10 பங்கு) குறைவான டீசல்தான் விற்கப்படுகிறது. கந்தகத்தை நீக்கும்போது உராய்வைக் குறைக்கும் வேறு சேர்மங்களும் போய்விடுவதால், அதை ஈடுகட்டச் சேர்ப்பான் கலக்கிறார்கள். அந்தச் சேர்ப்பான் குறைந்திருந்தது என்பது உங்கள் வாதமானால், மாதிரி எடுத்த தேதியோடு அறிக்கையை அனுப்புங்கள். மாதிரியே எடுக்காமல் சொன்ன தீர்ப்புக்கு மதிப்பில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. புதுப் பம்பைப் பொருத்தியபின் காற்றெடுக்க, உங்கள் ஊழியர் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டு எஞ்சினைச் சுற்றவிட்டிருக்கிறார். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனிப் பிளஞ்சர் கொண்ட பழைய இன்லைன் பம்ப் எஞ்சின்களில் அது வழக்கம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே ரெயில் டீசல் தரும் இந்த லாரியின் காமன் ரெயில் எஞ்சினில் அது கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், காயம் ஊசிமுனை அளவே தெரிந்தாலும் அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். பம்புக்கும் அது கேடு. பம்பில் சுத்தமான டீசல் நிரப்பி, கைப் பம்பால் குமிழி நிற்கும்வரை தாழ் அழுத்தப் பக்கத்தில் காற்றெடுத்து, அதன்பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். வறண்ட கேம் சுற்றும் முதல் சில நொடிகளே புதுப் பம்பைக் கீறப் போதும்.

நாங்கள் கேட்பது இதுதான். டேங்கை இறக்கி உட்புறம் கழுவ வேண்டும். தாழ் அழுத்தக் குழாய்களையும் ரிட்டர்ன் குழாய்களையும் மாற்ற வேண்டும், அல்லது தூள் வராத அளவுக்கு அலச வேண்டும். மீட்டரிங் வால்வோடு பம்ப், சென்சாரும் வால்வும் சேர்ந்த ரெயில், உயர் அழுத்தக் குழாய்கள் ஆகியவை புதிதாக வேண்டும். இவற்றின் விலையும் முழுக் கூலியும் உங்கள் பொறுப்பு. இன்ஜெக்டர்கள் முதல் பழுதிலேயே கெட்டிருக்கக்கூடும். அப்போது சொல்லியிருந்தால் நாங்களே வாங்கியிருப்போம், ஆகவே அந்த நான்கின் விலையை மட்டும் நாங்கள் ஏற்கிறோம். அவற்றின் திருத்தக் குறியீடுகளை (ஒவ்வொரு இன்ஜெக்டரின் சிறு வேறுபாட்டைச் சொல்லும் எண்கள்) எஞ்சின் கணினியில் ஏற்றி, பழைய பம்புக்கேற்ப அது தானே பதிந்துவைத்த கற்றல் மதிப்புகளை அழிக்க வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியபின் ஃபில்டரை எங்கள் முன்னிலையில் அறுத்துப் பார்க்க வேண்டும்.

கழற்றும் பம்பைத் தூக்கி எறியவோ வெளியே அனுப்பவோ வேண்டாம், இரு தரப்பும் சேர்ந்து திறந்து பார்க்கலாம். நிறுவனப் பெயரில் வாங்கிய சேவை என்பதால் பயனீட்டாளருக்கான பழுதுப் பொருள் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்பது தெரியும். ஆனால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலும், இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிக்கும். எங்கள் கோரிக்கை அந்த வரம்புக்குள் அடங்குகிறது. 14 நாள்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால் அங்கு பதிவு செய்வோம்.

லாரி இப்போது உங்கள் வளாகத்தில் நிற்கிறது. டேங்கில் அந்தத் தூள் கலந்த டீசல்தான் இருக்கிறது. இடம் மாற்றவேண்டியிருந்தால் கட்டி இழுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
வாகனப் பராமரிப்புப் பிரிவு

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், ஸ்கேனர் பதிவு, ரிட்டர்ன் சோதனைப் படங்கள், மீட்டரிங் வால்வு படங்கள்